அம்மா கோத்தகிரியில்... அப்பா மைசூருவில்... திருமணம் செய்யாத பெற்றோரின் குழந்தை யாரிடம் வளரும்?

இரவு 9 மணி ஆனால் முதுமலை - பந்திப்பூர் சாலையை மூடிவிடுவார்கள். காட்டு விலங்குகளுக்காக 2009-ல் வந்த கட்டுப்பாடு அது. கக்கநல்லா சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகா. ஆம்புலன்ஸும் அனுமதி பெற்ற சில பேருந்துகளும் போகலாம். மற்ற வண்டிகள் காலை 6 மணி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெற்றோர் பிரிந்து, ஒருவர் நீலகிரி மலையிலும் இன்னொருவர் மைசூரு பக்கமும் வாழும் வீட்டில், இந்த நேரக் கணக்கு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். அப்பாவைப் பார்க்கப் போனால் ஒன்பதுக்குள் சாவடியைத் தாண்டியாக வேண்டும். ஆனால், அன்று இரவு மட்டுமல்ல, மறுநாளும் அடுத்த வாரமும் பிள்ளை திரும்பி வரவே இல்லையென்றால்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யாருடைய கதையும் இல்லை இது. விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகச் சொல்வது.

கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த ஒரு பெண், வேலைக்காக பெங்களூரு போகிறார். அங்கே மைசூருவைச் சேர்ந்த ஒருவரோடு பழக்கம். இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். தாலி கட்டவில்லை, மோதிரம் மாற்றவில்லை, பதிவும் செய்யவில்லை. பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தைக்கு மூன்று வயதாகும்போது இருவருக்கும் ஒத்துவராமல் போகிறது. அவர் குழந்தையோடு அம்மா வீட்டுக்கே திரும்பிவிடுகிறார். பகலில் அவர் கொழுந்து பறிக்கப் போக, பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அங்கன்வாடி, பிறகு ஒன்றாம் வகுப்பு என்று பிள்ளை மலையிலேயே வளர்கிறது. அப்பா மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒருநாள், ``ரெண்டு நாள் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்’’ என்று அழைத்துப் போனவர் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. போனை எடுத்தால், ``இனிமே இங்கேதான் படிப்பா’’ என்கிறார்.

இப்போது அந்த அம்மா எங்கே போவார்? போலீஸுக்கா, கோர்ட்டுக்கா? கோத்தகிரியிலா, மைசூருவிலா? திருமணமே ஆகாத நிலையில் `என் குழந்தை’ என்று சொல்ல அவருக்கு இருக்கும் உரிமை என்ன? அப்பாவுக்கு இருக்கும் உரிமை என்ன?

மூன்று மாநிலம் சேரும் மலை

நீலகிரிக்கு இந்தக் கேள்வி கூடுதலாகவே பொருந்தும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலுகாக்கள் கொண்ட சிறிய மாவட்டம். ஒருபுறம் கர்நாடகா, இன்னொருபுறம் கேரளா. கக்கநல்லாவைத் தாண்டினால் சாம்ராஜ்நகர் மாவட்டம். நாடுகாணி தாண்டினால் நிலம்பூர். பாட்டவயலும் தாளூரும் தாண்டினால் வயநாடு. பந்தலூர்க்காரர்கள் பலருக்கு ஊட்டியைவிட சுல்தான் பத்தேரி பக்கம்.

மலையின் கதையும் இடம்பெயர்ந்தவர்களின் கதைதான். 1964-ம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இன்று அந்தத் தோட்டங்களின் அடுத்த தலைமுறை கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போகிறது. ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே கொழுந்து பறிக்கிறார்கள். ஆட்கள் மாநிலம் மாறும்போது உறவுகளும் மாநிலம் தாண்டி உருவாகின்றன. அவை முறியும்போது, நடுவில் நிற்பது குழந்தை.

முதல் கேள்வி: உண்மையிலேயே திருமணம் ஆகவில்லையா?

வழக்கறிஞரிடம் போனதும் வரும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். `பதிவு செய்யவில்லை, அதனால் திருமணம் செல்லாது’ என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

கோயிலில் தாலி கட்டியதோ, தமிழ்நாட்டில் 1967-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணமோ, சட்டப்படி திருமணம்தான். பதிவு செய்யாததால் மட்டுமே அது செல்லாமல் போய்விடாது. அப்படியென்றால் அவர்கள் `திருமணம் ஆகாத பெற்றோர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகவே பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தால், அவர்களுக்குத் திருமணம் நடந்திருக்கிறது என்றே நீதிமன்றம் அனுமானிக்கலாம். உச்ச நீதிமன்றம் இதைப் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. கேரளத்துச் சொத்து வழக்கு ஒன்றில் 2022 ஜூனில் வந்த தீர்ப்பு, அண்மைக்கால உதாரணம். `இல்லை, திருமணம் நடக்கவில்லை’ என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

இந்த விவரம் ஏன் முக்கியம்? திருமணம் நடந்திருந்தால் குழந்தையின் காப்பாளர் யார் என்பதில் ஒரு விதி. நடக்கவில்லையென்றால் வேறு விதி.

சட்டம் அம்மா பக்கம்

இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-ன் 6-வது பிரிவு, `இயற்கைக் காப்பாளர்’ யார் என்று சொல்கிறது. திருமணமான தம்பதியின் குழந்தைக்கு அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும். திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இந்த வரிசை தலைகீழ். முதலில் அம்மா, அவருக்குப் பிறகே அப்பா. இங்கே ஐந்து வயது என்ற கணக்கும் கிடையாது. குழந்தை 18 வயதைத் தொடும் வரை, இயற்கைக் காப்பாளர் அம்மாதான்.

நம் உதாரணத்தில் வரும் கோத்தகிரி அம்மாவுக்கு இதுதான் பெரிய பலம்.

`அப்பாவுக்குப் பிறகு அம்மா’ என்ற அந்த முதல் வரிசையும்கூட கேள்விக்கு உள்ளானது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. `பிறகு’ என்ற சொல்லுக்கு `அப்பா இறந்த பிறகு’ என்று மட்டும் பொருள்கொள்ள வேண்டியதில்லை, `அப்பா இல்லாத நிலையில்’ என்றும் பொருள் என 1999 பிப்ரவரி 17-ல் தீர்ப்பு வந்தது. குழந்தையின் பொறுப்பைக் கவனிக்காத அப்பாவும் இல்லாதவர் கணக்குதான்.

இந்து குடும்பங்களுக்கான சட்டம் இது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு? அதற்கு 2015-ல் ஒரு முக்கியமான விடை கிடைத்தது. டெல்லியைச் சேர்ந்த, திருமணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர். 2010-ல் பிறந்த மகனைத் தனியாகவே வளர்த்தார். தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை வாரிசாக நியமிக்க நினைத்தபோது, அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள் அல்லது காப்பாளர் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். சான்றுக்காக நீதிமன்றம் போனால், அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும் என்று மனு தள்ளுபடி. உயர் நீதிமன்றத்திலும் அதே முடிவு.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விக்ரம்ஜித் சென் அமர்வு 2015 ஜூலை 6-ல் இதை மாற்றியது. குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காத அப்பாவின் பெயரைச் சொல்லும்படி தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலே தாயைக் காப்பாளராக நியமிக்கலாம் என்றது. திருமணமாகாத தாய் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே போதும், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தாயின் அடையாளத்தைக் காப்பதற்காக அந்த வழக்கு இன்றும் `ஏபிசி’ என்ற பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. முஸ்லிம் தனிநபர் சட்டத்திலும் இத்தகைய குழந்தை தாய்க்கும் தாய்வழி உறவுகளுக்கும் உரியது என்று அதே தீர்ப்பு குறிப்பிடுகிறது.

நீலகிரியில் இன்னொரு பிரிவினரையும் சொல்லியாக வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை, மேலே சொன்ன 1956-ம் ஆண்டின் இந்துச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. பணியர் குடும்பங்கள் கூடலூர், பந்தலூர் பக்கமும் வயநாட்டுப் பக்கமும் உறவுகளோடு வாழ்கின்றன. அவர்களுக்கு இடையே குழந்தைக்கான வழக்கு வந்தால், எல்லோருக்கும் பொதுவான `காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், 1890’ கைகொடுக்கும்.

ஆனால், கடைசி வார்த்தை குழந்தையின் நலன்

சட்டம் அம்மா பக்கம் என்பதால் எல்லா வழக்கிலும் அம்மாவே ஜெயிப்பார் என்று அர்த்தமில்லை. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவு, யார் காப்பாளர் என்பதைவிடக் குழந்தையின் நலனே முதன்மையானது என்கிறது.

நலன் என்றால் என்ன? குழந்தையின் வயது, பாலினம், காப்பாளராக வர நினைப்பவரின் குணம், வளர்க்கும் திறன், குழந்தையோடு அவருக்கு இதுவரை இருந்த உறவு எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது 1890-ம் ஆண்டுச் சட்டம். சொந்தமாக யோசித்து விருப்பம் சொல்லும் வயது வந்த குழந்தையிடம் கேட்கலாம். நீதிபதி தன் அறையில் குழந்தையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவது வழக்கம்.

யாருக்குச் சம்பளம் அதிகம் என்பது மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. மைசூருவில் சொந்த வீடு இருக்கிறது, அம்மாவுக்கு லைன் வீடுதானே என்று அப்பா வாதாடலாம். ஆனால் காய்ச்சல் வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார், பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனது யார், ராத்திரி யார் பக்கத்தில் படுத்தால் குழந்தை தூங்கும் என்பதையெல்லாம் வைத்துத்தான் `வளர்க்கும் திறன்’ அளக்கப்படும். பணக் குறையை அப்பா தரவேண்டிய ஜீவனாம்சத்தால் ஈடுகட்ட முடியும்.

கோத்தகிரி கோர்ட்டா, மைசூரு கோர்ட்டா?

மாநிலம் தாண்டிய வழக்குகளில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். விடை 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவில் இருக்கிறது. குழந்தை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ, அந்த மாவட்டத்து நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். அம்மாவின் சொந்த ஊர், அப்பாவின் ஆதார் முகவரி, குழந்தை பிறந்த மருத்துவமனை எதுவும் கணக்கில்லை. குழந்தை எங்கே வாழ்கிறது என்பதே கேள்வி.

அப்படியானால், குழந்தையை மைசூருவுக்குக் கொண்டுபோன அப்பா, `இப்போது இங்கேதான் வசிக்கிறாள்’ என்று அங்கே வழக்கு போடலாமா? போடலாம், ஆனால் நிற்பது கஷ்டம். அம்மாவுக்குத் தெரியாமலோ ஏமாற்றியோ கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருப்பதால் குழந்தையின் வசிப்பிடம் மாறிவிடாது. மூன்று வருடமாகக் கோத்தகிரியில் இருந்ததற்கு அங்கன்வாடிப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டில் பெயர் எல்லாம் சாட்சி சொல்லும். அதனால் இந்த அம்மா நீலகிரி மாவட்டத்திலேயே மனு போடலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில்.

இதையே அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே குடும்பச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இரண்டு மாநில நீதிமன்றங்கள் முரண்பட்ட தீர்ப்பு தந்து குழந்தைகள் அல்லாடிய நிலை இருந்தது. அதைத் தீர்க்க 1997-ல் ஒரு பொதுச் சட்ட வடிவம் உருவாக்கி, ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. வழக்குக்கு முன் ஆறு மாதம் குழந்தை வாழ்ந்த மாநிலமே அதன் `வீட்டு மாநிலம்’ என்பது அதன் சாரம். நம் நாட்டில் 1890 சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றே என்பதால், நீலகிரி நீதிமன்றத்தின் உத்தரவை மைசூருவிலும் நிறைவேற்ற வழி இருக்கிறது. சட்டம் ஒன்றுதான். தூரம்தான் பிரச்னை.

அப்பா மைசூருவில் முந்திக்கொண்டு வழக்கு போட்டுவிட்டால்? அந்த நீதிமன்றத்திலேயே அதிகார வரம்பை எதிர்த்து வாதாடலாம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. கைக்குழந்தையோடு மலையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வர முடியாது என்று ஒரு பெண் கேட்டால், அந்தச் சிரமத்தை உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

போலீஸ் ஏன் வழக்குப் பதிவதில்லை?

`என் பொண்ணைக் கடத்திட்டார்’ என்று காவல் நிலையம் போகும் பல தாய்மார்களுக்கு, `கோர்ட்டுக்குப் போங்கம்மா’ என்ற பதில்தான் கிடைக்கும். அலட்சியமும் இருக்கலாம், ஆனால் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஆள்கடத்தல் குற்றத்தைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த ஒரு விதிவிலக்கை அப்படியே வைத்திருக்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தான்தான் தந்தை என்று நல்லெண்ணத்தோடு நம்பும் ஒருவர் குழந்தையை அழைத்துப் போனால், அது கடத்தல் ஆகாது. தவறான அல்லது சட்டவிரோதமான நோக்கம் இருந்தால் மட்டுமே குற்றம்.

அதனால் வழியே இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். புகாரை எழுத்தில் கொடுத்து, அதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். எந்தத் தேதியில் குழந்தை போனது என்பதற்கு அதுதான் ஆதாரம். பிறகு மூன்று வழிகள்.

ஒன்று, மேலே சொன்ன காப்பாளர் மனு. அதோடு, வழக்கு முடியும்வரை குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

இரண்டு, ஆட்கொணர்வு மனு. குழந்தையைச் சட்ட உரிமையின்றி ஒருவர் வைத்திருந்தால், அவர் பெற்றவராகவே இருந்தாலும் இந்த மனு செல்லும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வேகமான வழி. ஆனால் நீலகிரிக்கான உயர் நீதிமன்றம் சென்னையில். மலையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல்.

மூன்றாவது, பலருக்கும் தெரியாத வழி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, `திருமணத்தைப் போன்ற உறவில்’ வாழ்ந்த பெண்ணுக்கும் பொருந்தும். அடியோ மிரட்டலோ பணம் தராமல் ஒடுக்குவதோ நடந்திருந்தால், அவர் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். அந்த மனு நடக்கும்போதே குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும் அதன் 21-வது பிரிவின் கீழ் கேட்கலாம்.

எது `திருமணத்தைப் போன்ற உறவு’ என்பதை விளக்கிய 2010 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மலைக்குக் கீழே கோவையிலிருந்து போன வழக்கில் வந்ததுதான். இருவரும் ஊரார் முன் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்க வேண்டும், திருமண வயது வந்திருக்க வேண்டும், வேறு திருமண பந்தம் இல்லாதிருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது.

அப்பாவுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. இந்த வழக்குகளில் எல்லா அப்பாக்களும் வில்லன்கள் இல்லை. `கல்யாணம் ஆகல, உனக்கு என்ன உரிமை’ என்ற ஒரே வாக்கியத்தில் பிள்ளையின் முகத்தையே பார்க்கவிடாமல் தடுக்கப்பட்ட அப்பாக்களும் உண்டு.

அப்பாவும் காப்பாளர் மனு போடலாம். அம்மாவிடம் குழந்தைக்கு ஆபத்தோ புறக்கணிப்போ இருப்பதை நிரூபித்தால், நீதிமன்றம் அப்பாவிடம் கொடுக்கலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் பார்க்கும் உரிமையைக் கேட்கலாம். அதற்கு முதலில், தான்தான் அப்பா என்று காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர், பள்ளிக் கட்டணம் கட்டிய ரசீது, அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை உதவும். டி.என்.ஏ பரிசோதனை கேட்டதும் கிடைத்துவிடாது. குழந்தையின் கண்ணியமும் அந்தரங்கமும் அதில் இருக்கின்றன என்பதால், தவிர்க்க முடியாதபோது மட்டுமே உத்தரவிட வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

இங்கிலாந்தில் 2003 டிசம்பரிலிருந்து, பிறப்புப் பதிவில் தாயோடு சேர்ந்து பெயர் கொடுத்த திருமணமாகாத தந்தைக்கும் பெற்றோருக்கான பொறுப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது. நம் நாட்டில் அப்படித் தானாகக் கிடைக்காது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் கேட்டு வாங்க வேண்டியதைத் தூக்கிக்கொண்டு போனால், அதே நீதிமன்றத்தில் அவருடைய நியாயமே பலவீனமாகிவிடும்.

வேறு வேறு ஊர்களில் வாழும் பெற்றோர் வழக்குகளில் 2020 ஜனவரியில் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. நேரில் பார்க்கும் உரிமையைப் போலவே `தொடர்பில் இருக்கும் உரிமை’யும் முக்கியம் என்றது அது. பெற்றோர் வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால், குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றவர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வேண்டும். அதற்கு வீடியோ அழைப்பே சிறந்தது என்றும் சொன்னது. சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டிய தோட்டங்களும் மலையில் இருக்கின்றன. எந்த நேரம், எந்த போன், எங்கிருந்து என்பதை உத்தரவிலேயே எழுதி வாங்கிவிட்டால் பின்னால் சண்டை வராது.

பறிப்பவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை

அண்டை மாநிலமான கேரளாவில் 2021-ல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருமணமாகாத நிலையில் 2020 அக்டோபரில் குழந்தை பெற்றார் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண். தன் சம்மதம் இல்லாமல் தன் வீட்டாரே குழந்தையைக் கொண்டுபோய்விட்டதாக அவர் குற்றம் சாட்டினார். குழந்தை மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சில் வழியாக, தத்தெடுப்புக்கு முந்தைய பராமரிப்புக்காக ஆந்திராவில் ஒரு தம்பதியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் தாய் வீதியில் உட்கார்ந்து போராடினார். குழந்தையைத் திரும்ப அழைத்துவந்து டி.என்.ஏ பரிசோதனை செய்தார்கள். 2021 நவம்பர் 24-ல் குடும்ப நல நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தது. ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை அன்போடு வளர்த்த ஆந்திரத் தம்பதி வெறுங்கையோடு நின்றார்கள்.

`மானம் போய்விடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் எடுக்கும் முடிவு எத்தனை பேரை அழவைக்கும் என்பதற்கு இந்த வழக்கே போதும். குழந்தையை ஒப்படைக்க விரும்பும் தாய், குழந்தைகள் நலக் குழு முன்பு தானே கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகும் மனம் மாற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு.

பணமும் பார்வையும் தனித்தனி

`மாசம் பணம் தராதவன் எதுக்குப் பார்க்கணும்?’, `பார்க்கவிடாதவளுக்கு எதுக்குப் பணம்?’ இந்த இரண்டு கேள்விகளும் சட்டத்தில் நிற்காது. ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. பெற்றோர் திருமணம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத குழந்தைக்குத் தந்தை பணம் தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. பழைய 125-வது பிரிவுதான் இது. அப்பா இப்போது இருக்கும் மாவட்டத்திலோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மாவட்டத்திலோ மனு கொடுக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் போனால், அம்மா இருக்கும் ஊரிலேயே குழந்தைக்கான தொகையையும் சேர்த்துக் கேட்கலாம்.

இன்றே செய்ய வேண்டியவை

* குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகலைத் தனியாக வைத்திருங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

* ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத்தாளில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பேசி முடித்ததை நீதிமன்றத்தின் சமரச மையம் வழியாகப் பதிவு செய்து உத்தரவாக வாங்குங்கள்.

* குழந்தை மாநிலம் தாண்டிப் போகும்போது போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி மூன்றையும் வாட்ஸ்அப் செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

* குழந்தை திரும்பவில்லையென்றால் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். நாள் ஆக ஆக, குழந்தை அந்த ஊருக்குப் பழகிவிட்டது என்ற வாதம் வலுவாகும்.

* பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரப்படும். மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி 15100. குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. பெண்கள் உதவிக்கு 181.

குழந்தையின் பை

மறுபடி அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வருவோம். கோத்தகிரியில் தமிழில் `அ, ஆ’ எழுதிப் பழகியவள், திடீரென்று ஒரு திங்கட்கிழமை கன்னட வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டி எங்கே என்று கேட்டால், `நாளைக்கு வருவாங்க’ என்கிறார்கள். அப்பா மீதும் அவளுக்குப் பாசம் இருக்கிறது. அம்மாவையும் தேடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாருக்குக் கோபம் வருமோ என்று பேசாமல் இருக்கிறாள்.

இந்தப் பிள்ளையைப் பழைய சட்டச் சொல் `முறையற்ற குழந்தை’ என்கிறது. பெற்றோரின் உறவைச் சட்டம் ஏற்காமல் போகலாம், ஆனால் அந்த உறவில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும், அதன் மீது குற்றமில்லை என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 

அம்மா, அப்பா இருவரின் வழக்குகளிலும் கடைசியில் நீதிபதி கேட்கப்போவது ஒன்றைத்தான். இந்தப் பிள்ளைக்கு எது நல்லது? அந்தக் கேள்வியை நீதிமன்றம் போவதற்கு முன்பே இருவரும் கேட்டுக்கொண்டால், சனிக்கிழமை காலை அப்பாவோடு கிளம்பும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதுக்கு முன்பே கக்கநல்லாவைத் தாண்டி அம்மாவிடம் வந்துவிடும். அடுத்த மாதமும் பயமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்.